சேமிப்புக் கணக்கு

மாசி மாதம், ஏஜாக்ஸ்.
நாலு தடவை பனி வழித்த வாசல்
ஐந்தாவது தடவையும் மூடிக் கிடக்கிறது.
வங்கியின் கடிதம் வந்து பதினொரு நாள்.
உடைக்கவில்லை.
பாணுக்குக் கீழே ஒளித்து வைத்தேன்.
பாண் எடுக்கும்போதெல்லாம்
அதையும் எடுக்கிறேன்.

இரவு பதினொன்று நாற்பது.
குகனேசன் இன்னும் வேலையால் வரவில்லை.
பிள்ளைகள் படுத்தாயிற்று.
குளிர்ப்பெட்டியைத் திறக்கிறேன்.
இந்த வீட்டில்
என்னை ஒன்றும் கேட்காத வெளிச்சம்
அது ஒன்றுதான்.

நின்றபடி சாப்பிட்டால் கணக்கில் வராதென்று
யாரோ சட்டம் போட்டதுபோல
நின்றபடியே சாப்பிடுகிறேன்.
மத்தியானத்து இடியப்பம் மூன்று, சம்பலும் இல்லாமல்.
சின்னவன் கடித்து வைத்த பீட்சாவின் விளிம்பு.
ஒரு பிடி மிக்சர்.
கடலையை மட்டும் பொறுக்க இன்னொரு பிடி.
பசி இல்லை.
பசியென்றால் எப்போதோ அடங்கியிருக்கும்.

வேலையிடத்துத் தயாளினி
கிறீன் டீ குடிக்கச் சொன்னாள்.
குடித்தேன்,
இரண்டு பிஸ்கற்றோடு.

டொக்டர் ஒவுசு
என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்கவில்லை.
எத்தனை மணிக்குப் படுக்கிறாய் என்று கேட்டார்.
சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.
பயந்துகொண்டே இருக்கும் உடம்புக்கு
வருவது புலியா, பஞ்சமா, வங்கியா என்று
பிரித்துப் பார்க்கத் தெரியாதாம்.
எதற்கும் இருக்கட்டும் என்று
இடுப்பைச் சுற்றிக் கட்டி வைக்குமாம்.

பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன்:
எங்கள் வீட்டுக் கணக்குகளில்
சேமிப்பு ஏறிக்கொண்டே போவது
என் இடுப்பில் மட்டும்தான்.

பாவம் அது.
எத்தனை வருஷமாய்ச் சோம்பேறி என்று திட்டினேன்.
கண்ணாடிக்கு முன்னால் நின்று கிள்ளினேன்.
அதுவோ எனக்காக
இரவிரவாக மூட்டை கட்டியிருக்கிறது.
எழும்பு, ஓடு என்ற சத்தத்தை
ஒன்பது வயதில் ஒருமுறை கேட்ட உடம்பு.
இன்னும் சப்பாத்தைக் கழற்றவில்லை.

சனிக்கிழமை காலை
குகனேசன் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தபோது
கடிதத்தை மேசையில் வைத்தேன்.
வெண்ணெய்க் கத்தியால் உடைத்தார்.
மாதம் அறுநூற்று நாற்பது டொலர் கூட.
நான் நினைத்தது தொள்ளாயிரம்.
அவர் நினைத்தது ஆயிரத்துக்கு மேல்.
அவருக்கும் தெரிந்திருக்கிறது,
பாண் அவரும்தானே எடுக்கிறார்.
ஒரே கூரையின் கீழ்
தனித்தனியாய்ப் பயந்திருக்கிறோம்:
நான் குளிர்ப்பெட்டி வெளிச்சத்தில்,
அவர் கார் தரிப்பிடத்தில் டோனட் பெட்டியோடு.

அறுநூற்று நாற்பது சின்னக் காசில்லை.
பேஸ்மென்ட்டை வாடகைக்கு விடவேண்டி வரலாம்.
ஆனாலும் அது ஓர் இலக்கம்.
இலக்கத்தைப் பென்சிலால் தொடலாம்.

பிறகு ஏரிக்கரை வரை நடந்தோம்.
மெலிவதற்கு இல்லை,
பிள்ளைகளின் காதில் விழாமல் கதைப்பதற்கு.
கரையில் பனிக்கட்டிகள் ஒன்றையொன்று தட்டி
யாரோ கோப்பை கழுவுவதுபோல் சத்தம்.
திரும்பி வந்து,
அன்றிரவு பத்து மணிக்கே படுத்தேன்.
பதினொன்று நாற்பது
என்னைக் கேளாமலே கடந்து போயிற்று.

போன கிழமை தராசில் ஏறினேன்.
முந்நூறு கிராம் குறைவு.
தண்ணீராக இருக்கலாம்.
காலுறை போடாததாகவும் இருக்கலாம்.
என்றாலும் முதல்தடவையாக உடம்பு
தன் கணக்கிலிருந்து
கொஞ்சம் எடுத்துச் செலவழித்ததாக
நான் எழுதி வைத்தேன்.

நேற்று ஹீட்டர் பழுது.
திருத்த வந்தவன் சொன்ன விலையைக் கேட்டு
மிக்சர் போத்தலைத் திறந்தேன்.
கோப்பை எடுத்தேன்.
கதிரையை இழுத்து இருந்து சாப்பிட்டேன்.
கடலையை மட்டும் பொறுக்கி.